பெருக்கல் குறியை அமுக்கியவர்

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் அந்தத் தாமரையைக் காட்டுவது என் வழக்கம். துணியில் எம்பிராய்டரி போடும் கடைக்காரர்களுக்காக நாங்கள் ஒரு வரையும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பூ, கொடி, மாங்காய், மயில் என்று திரையில் வரைந்துவிட்டால் எம்பிராய்டரி மெஷின் அதைப் பார்த்துத் தைத்துவிடும். மவுஸைப் பிடித்து இழுத்தால் தாமரையின் இதழ்கள் ஒவ்வொன்றாக விரியும். அப்படி விரிய வைக்க நான் நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் பார்க்கிறவர்கள் "அட" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே சிலருக்கு இரண்டு முறை காட்டியிருக்கிறேன்.

புதிதாக வந்த அந்தப் பெண்மணி அப்படிச் சொல்லவில்லை. புத்தூரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் டெஸ்டராகச் சேர்ந்த முதல் நாள் அது. நாங்கள் செய்வதில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மவுஸை வாங்கினார். தாமரையைத் தாண்டிப் போய், விண்டோவின் வலது மேல்மூலையில் இருந்த க்ளோஸ் பட்டனை அமுக்கினார். தாமரை மறைந்தது.

"மூடிடுச்சா சார்?"

"மூடிடுச்சே. பார்த்தீங்கல்ல."

கணினியில் எந்தெந்த நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். எங்கள் மென்பொருளின் பெயர் அதில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

"கடையைச் சாத்திட்டீங்க. உள்ள ஆள் இருக்காரு. லைட்டும் எரியுது."

அவர் சொன்னது சரி. அந்த மூலைப் பட்டனை அமுக்கினால் விண்டோ தானாக மூடிவிடுவதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு தகவலை மட்டுமே அனுப்புகிறது, 'இவர் கிளம்புகிறார்' என்று. அதைக் காதில் வாங்கி, வரைவதை நிறுத்தி, எடுத்து வைத்திருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து, கடைசியாக வெளியே வரவேண்டியது நிரலின் பொறுப்பு. என் நிரல் விண்டோவை மட்டும் அகற்றிவிட்டு, இல்லாத திரையில் இல்லாத தாமரையை நொடிக்கு அறுபது தடவை வரைந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் விசிறி ஏன் அப்படிக் கத்துகிறது என்று ஒரு வாரமாக நான் யோசித்துக்கொண்டிருந்ததற்கும் அன்று விடை கிடைத்தது.

அன்றே சரிசெய்தேன். பட்டனை அமுக்கிய மறுகணம் எல்லாம் நின்றுவிடும்படி எழுதினேன். மறுநாள் காலை அவர் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு மல்லிகைக் கொடி போட்டார். நன்றாகவே வந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் கண் முன்னாலேயே மூலைப் பட்டனை அமுக்கினார்.

"அரை மணி நேரம் சார்," என்றார். "கேக்கக்கூட இல்ல."

கேட்கும்படி செய்தேன். 'சேமிக்க வேண்டுமா?' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவர் பட்டனைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினோரு பெட்டிகள் வந்து நின்றன.

"ஒரே கேள்வியைப் பதினோரு தடவை கேக்குது. எங்க மாமியாரே மூணோட நிறுத்திடுவாங்க."

"யாருங்க பதினோரு தடவை அமுக்குவாங்க?"

"பஸ்ஸைப் பிடிக்கணும்னு இருக்கறவங்க."

அதையும் சரிசெய்தேன். அவருக்குத் திருப்தி இல்லை. அந்தக் கேள்விப் பெட்டியின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அவர் எப்போதும் அதை அப்படித்தான் சொல்வார், பெருக்கல் குறி என்று. கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதை அமுக்கினால் 'வேண்டாம்' என்று அர்த்தம் செய்துகொண்டு என் நிரல் வரைந்ததை அழித்தது.

"பதில் சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா வேணாம்னா அர்த்தம்? யோசிக்கிறாங்கன்னு அர்த்தம் சார். இருக்கறபடியே விட்டுடணும்."

இப்படியே போனது. அவர் சேர்ந்து மூன்று மாதத்தில் நான் புதிதாக ஒரு பூவும் வரையவில்லை. விண்டோ மூடுவதற்கு மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். வீடு பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். கணவர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். எங்களிடம் வருவதற்கு முன்னால் மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நான்கு வருடம் சேலைப் பிரிவில் நின்றிருக்கிறார். அங்கே எல்லாரும் உள்ளே வருகிறவர்களைப் பார்ப்பார்கள். இவர் வெளியே போகிறவர்களைப் பார்ப்பாராம். குடையை விட்டுப் போகிறவர்கள், பிரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டே போகிறவர்கள், வாங்கின பையை மறந்து வாங்காத பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள்.

"வரும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் சார் வருவாங்க. போகும்போதுதான் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி."

இதற்காக அவர் ஒரு நோட்டே வைத்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, பாங்க்கில், ஆஸ்பத்திரியில், எங்கேயாவது யாராவது கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போனால் எப்படிப் போனார் என்று குறித்துக்கொள்வார். திரையை மட்டும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டரையே அணைத்ததாக நினைத்துப் போகிறவர். மேலதிகாரி வந்ததும் எல்லாவற்றையும் படபடவென்று மூடுகிறவர். மேஜைக்கடியில் கால் பட்டு ஒயரைப் பிடுங்கிவிடுகிறவர். அத்தனையையும் எங்கள் மென்பொருளில் செய்து பார்ப்பார். ஒரு மத்தியானம் அவர் மேஜையில் கீபோர்டின் மேல் டிபன்பாக்ஸ் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து வைக்கப் போனேன். "தொடாதீங்க சார், டெஸ்ட் நடக்குது," என்றார்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். உத்தர வீதியில் எம்பிராய்டரி வகுப்பு நடத்தும் மாமி. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று சொல்லி அனுப்பியதால் நானும் அவரும் போனோம். மாமி காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. மூடறச்சே மட்டும் அது என்னைக் கோவிச்சுக்கறது."

"கோவிச்சுக்குதா?"

"நீங்களே பாருங்கோளேன்."

பட்டனை அமுக்கிக் காட்டினார். நான் எழுதியிருந்த வாசகம் வந்தது: 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?'

"என் ஆத்துல உக்காந்துண்டு என்னையே வெளியேறுங்கறது. நான் என்ன பண்ணினேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டெஸ்டர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. அங்கேயே புது வாசகத்துக்கான சண்டையை ஆரம்பித்தார். நான் சொன்னது: 'சேமிக்காமல் மூட வேண்டாமா? ஆம், இல்லை.'

"இதுக்கு ஆம்னா என்ன, இல்லைன்னா என்ன சார்? எனக்கே தெரியல. கேள்வி கேக்கறோமா, விடுகதை போடறோமா?"

கடைசியில் அவர் சொன்னபடிதான் மூன்று பட்டன்கள் வைத்தோம். 'சேமித்து மூடு', 'சேமிக்காமல் மூடு', 'இன்னும் கொஞ்ச நேரம்'. மூன்றாவதைப் பார்த்து எங்கள் முதலாளி முகம் சுளித்தார். மாமி போன் செய்து, அது ரொம்ப மரியாதையாக இருப்பதாகச் சொன்னார்.

இதுவரை சொன்னதையெல்லாம் இன்றும் நண்பர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்வேன். அடுத்ததைச் சொல்லும்போது அவ்வளவு சிரிக்க மாட்டேன்.

அவர் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறையும் எங்கள் கணினியில் ஒரு பட்டியலில் ஏறும். எண், விவரம், அதன் நிலை. நான் சரிசெய்ததும் அவர் சோதித்துப் பார்த்து 'முடிந்தது' என்று மாற்றுவார். அந்த உரிமை அவருக்கு மட்டும்தான். நாற்பத்தேழாவதாக அவர் எழுதியிருந்தது இது: 'விண்டோவை மூடாமல் கம்ப்யூட்டரையே நிறுத்தினால் கேட்காமல் எல்லாம் போய்விடுகிறது.'

கம்ப்யூட்டர் நிற்கும்போது வரும் தகவல் வேறு. மூலைப் பட்டனின் தகவல் அல்ல. என் நிரலுக்கு அதைக் கேட்கத் தெரியாது. தெரிய வைக்க இரண்டு நாள் ஆகும். மென்பொருளை வெளியிட முதலாளி நாள் குறித்துவிட்டார்.

"ஆயிரத்துல ஒருத்தர் அப்படிப் பண்ணுவாரும்மா. அவருக்காக நிறுத்தி வைக்க முடியுமா?" என்றார் முதலாளி.

"அந்த ஒருத்தரும் நம்மகிட்ட வாங்கினவர்தானே சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் நாற்பத்தேழுக்கு எதிரே 'அபூர்வம், பிறகு பார்க்கலாம்' என்று எழுதினேன். எங்கள் டெஸ்டர் அதைப் படித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஒருத்தர் இரண்டு மாதத்துக்குள் போன் செய்தார். பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எம்பிராய்டரிக் கடை வைத்திருந்த பாய். அவர் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை கத்தாரில் வேலை. லீவு கிடைத்திருப்பது இருபது நாளுக்கு மட்டும், அதனால் தேதியைத் தள்ளிவைக்க வழியே இல்லை. நிக்காஹ் அன்று போடும் துப்பட்டாவுக்கு அந்தப் பெண் தானே கரை வரைந்துகொண்டிருந்தது. பதினோரு நாளாகக் கடைக்கு வந்து, மத்தியான வேளையில் கொஞ்சம் கொஞ்சமாக. விண்டோவை மூடவே இல்லை, அதனால் சேமிக்க வேண்டுமா என்ற கேள்வியும் வரவில்லை, கம்ப்யூட்டரும் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் மின்தடை என்று அறிவிப்பு வந்ததால் பாய் அன்று மட்டும் கம்ப்யூட்டரை முறையாக நிறுத்திவிட்டு, சாயங்காலத்து மஃரிப் தொழுகைக்குப் போயிருக்கிறார்.

நானும் டெஸ்டரும் போனபோது பாய் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல தம்பி. எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் கம்மி. பொண்ணு பதினோரு நாள் போட்டது, ஒரு நிமிஷத்துல போக்கடிச்சுட்டேன்."

உள்ளே துணிக்கட்டுகளுக்கு நடுவே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. "அத்தாவை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றது எங்களிடம். அழுது ஓய்ந்த முகம்.

நான் சொன்னேன்: "பரவாயில்ல பாய். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

டெஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் எழுந்து, "சார், ஒரு நிமிஷம்," என்று சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட்டுச் சுவரோரம் நின்றோம். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எல்லாருக்கும் நடக்கறதா சார் அது?"

தள்ளுவண்டி எங்களைத் தாண்டிப் போனதும் தொடர்ந்தார்.

"அவர் ஒண்ணும் தப்பா அமுக்கல. நிறுத்தணும்னு இருந்துச்சு, நிறுத்தினார். தன் தப்புன்னு நினைச்சுக்கிட்டு நிக்கறார். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

என்னை அவர் இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். நாற்பத்தேழாம் எண்ணைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். தப்பு எங்களுடையது, எங்களுடையதுகூட இல்லை என்னுடையது, இப்படி நடக்கும் என்று முன்னாடியே தெரியும், சரிசெய்யாமல் கொடுத்துவிட்டேன் என்று.

பாய் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா பொண்ணு மூஞ்சியைப் பார்க்க முடியல தம்பி. இதை வந்த உடனே சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே திரும்பி மகளிடம், "கேட்டியாம்மா?" என்றார். அந்தப் பெண் தலையாட்டியது.

அதற்குப் பிறகு எங்கள் டெஸ்டர் செய்ததை இன்றுவரை நான் வியக்கிறேன். பாயிடம், மெஷினை நான் பார்க்க வேண்டும் என்று சொல்லி பாயையும் என்னையும் பின்கட்டுக்கு அனுப்பினார். பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் மெஷினை ஓட்டிக் காட்ட, கதவோரம் நின்ற எனக்கு அந்தச் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது.

"வரைஞ்சதை யாருக்காவது போட்டோ எடுத்து அனுப்பினியாம்மா?"

"இல்லக்கா."

"யாருக்குமே இல்ல?"



"அவங்களுக்கு மட்டும். அனுப்பிட்டு என் போன்ல அழிச்சுட்டேன். அத்தாவுக்குத் தெரியாது."

"நீ அழிச்சா என்ன. கத்தார்ல இருக்கறவர் அழிச்சிருக்கவா போறார்?"

அழிக்கவில்லைதான். அரை மணி நேரத்தில் ஏழு போட்டோக்கள் வந்தன. திரையைப் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தவை. ஒன்றில் பாதி, அந்தப் பெண்ணின் விரல். பாயிடம், பழைய தகவல் கொஞ்சம் மீட்கக் கிடைத்திருப்பதாக அவர் சொன்னார். பொய் இல்லை. பாயும் எங்கிருந்து என்று கேட்கவில்லை. புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்று மகளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்று நாள் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து போட்டோக்களை நேராக்கி, அதன்மேல் வைத்து நான் வரைந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரை பார்த்த கண்ணோடு, "அந்த இலை எதிர்ப்பக்கம் சாயணும் சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் நான் தவறுதலாக இலையைத் திருப்பிவிட்டேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, இதுவே நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டது. நிக்காஹுக்கு இருவரும் போயிருந்தோம். பிரியாணி மணக்கிற மண்டபத்தில் பாய் என்னைத் தன் மச்சானிடம், "துப்பட்டாவை வரைஞ்சு கொடுத்த தம்பி," என்று அறிமுகப்படுத்தினார். பக்கத்தில் நின்ற டெஸ்டர் மெதுவாக என் காதில், "அழிச்சதும் இவரேதான்னு சொல்லட்டுமா?" என்றார்.

அந்த வாரமே நாற்பத்தேழைச் சரிசெய்துவிட்டேன். கம்ப்யூட்டரை நிறுத்தினாலும், கரண்ட் போனாலும், வரைந்தது தனியாக ஓர் இடத்தில் இருக்கும். அடுத்த முறை திறந்தால் விட்ட இடத்தில் வந்து நிற்கும். அவர் ஒன்றரை நாள் விதவிதமாக நிறுத்திப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கினார். ஒன்றும் போகவில்லை. பட்டியலில் மட்டும் 'முடிந்தது' என்று மாற்றவில்லை.

காரணம் பாய். அவருக்கு மூடுவதற்குப் பயம் வந்துவிட்டது. தினமும் சாயங்காலம், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால், எங்கள் டெஸ்டரின் போன் அடிக்கும்.

"மூடலாமாம்மா?"

"மூடுங்க பாய். ஒண்ணும் ஆகாது."

"பட்டனை அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அமுக்கும் வரை இருப்பார். பாய் "மூடிடுச்சும்மா" என்று சொன்ன பிறகுதான் வைப்பார். பொன்மலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாலும் ஓரமாக நிறுத்தி எடுப்பார். ஆறு வாரம். வெளியீட்டுக் கணக்கில் ஒரு குறை மட்டும் பாக்கி நிற்கிறதே என்று நான் கேட்டபோது, "நீங்க சரி பண்ணிட்டீங்க சார். அவருக்கு இன்னும் சரியாகல," என்றார்.

இப்போது அவர் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருக்கிறார். கணவருக்கு மாற்றலானதும் குடும்பத்தோடு போய்விட்டார். தீபாவளிக்குப் போனில் பேசுவோம். இதற்கப்புறம் எத்தனையோ டெஸ்டர்களோடு வேலை பார்த்துவிட்டேன். குறை கண்டுபிடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்களும் உண்டு. ஆனால் அவர் என்றதும் எனக்கு நினைவில் வருவது அந்த ஒரு புதன்கிழமைதான்.

அதற்கு முந்தின நாள் பாயிடமிருந்து போன் வரவில்லை. கடைக்கு லீவு போல என்று இருந்துவிட்டார். புதன்கிழமை ஐந்து மணியிலிருந்து போனை மேஜைமேல் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தே முக்கால் ஆனதும், "வாங்க சார், ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்," என்றார். ஸ்கூட்டரை ஒரு பாத்திரக்கடை ஓரம் நிறுத்திவிட்டு சந்துக்குள் நடந்தோம். பாய் கடை திறந்திருந்தது. உள்ளே கம்ப்யூட்டரில் ஏதோ மயிலைச் சரிசெய்துகொண்டிருந்தார். கடைக்கு எதிரே நாங்கள் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு கையால் செருப்பைத் தேடிக்கொண்டே இன்னொரு கையால் கம்ப்யூட்டரை நிறுத்தினார். திரை அணைகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திரும்பியவர் எங்களைக் கண்டு நின்றார்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ரெண்டு நாளா போன் வரலியே பாய். அதான்."

"எதுக்கு போன்?" என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவுக்கு வரவில்லை. "ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல பாய். நீங்க தொழுதுட்டு வாங்க."

பாய் வேகமாக நடந்து கூட்டத்தில் கலந்துவிட்டார். என்னோடு வந்தவர் அந்தப் பாதி இறங்கிய ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "பசிக்குது சார்," என்றார். ஆளுக்கு ஒரு சமோசா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் பட்டியலில் நாற்பத்தேழாம் எண் 'முடிந்தது' என்று மாறியிருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி இருந்தது: 'வாடிக்கையாளர் நம்மைக் கேட்காமலே மூடிவிட்டுப் போனார்.'